சாவி உண்டு, சங்கம் இல்லை: சிறை வார்டர்களின் பாதுகாப்பை யார் பேசுவது?

கோலாலம்பூர் செந்தூலில் நான் தேத்தண்ணி குடிக்கும் கடைக்கு ஓய்வுபெற்ற சிறை வார்டர் ஒருவர் காலையில் வருவார். 30 வருஷத்துக்கு மேல் சர்வீஸ். இடது முழங்கைக்குக் கீழே ஒரு கோணல் தழும்பு. ரொம்ப நாள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால் ஒருநாள் கேட்டுவிட்டேன். பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி, ஒருவன் குத்தியதாம்.

“ரிப்போர்ட் போட்டீங்களா அண்ணே?”

“தையல் போட்டாங்க, ரெண்டு நாள் எம்சி, அதான் மெடிக்கல் லீவு, குடுத்தாங்க. மூணாவது நாள் டூட்டி. இதுக்கெல்லாம் ரிப்போர்ட் எழுதிக்கிட்டு இருந்தா அங்க வேலை செய்ய முடியுமா தம்பி?”

சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தொட்டார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்குத்தான் அந்தப் பதில் ஒட்டிக்கொண்டது. ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் கையைக் கிழித்திருந்தால் விபத்து என்று எழுதியிருப்பார்கள். சிறையில் கைதி கிழித்தால் அது ‘வேலைன்னா அப்படித்தான்’ ஆகிவிடுகிறது. சிறை அதிகாரிகளுக்குச் சங்கம் இருக்கும் நாடுகளில் அந்தச் சங்கம் செய்யும் முதல் வேலை, இந்த ‘அப்படித்தான்’ என்ற சொல்லை உடைப்பது. மலேசியாவில் அதைச் செய்யச் சங்கமே கிடையாது. சட்டம் அனுமதிக்கவில்லை.

முதலில் சங்கம் உள்ள இடத்தைப் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் 1939-இல் தொடங்கிய சிறை அதிகாரிகள் சங்கம் இருக்கிறது. சிறை அதிகாரி கத்திக்குத்து வாங்கினால் சங்கம் என்ன செய்யும்? வாசலில் கொடி பிடிக்கும் என்று நினைப்போம். அதுவும் நடக்கும், ஆனால் அபூர்வமாக. அன்றாடம் நடப்பது வேறு. அங்கே 1977-இல் வந்த ஒரு விதிமுறைப்படி, அங்கீகாரம் பெற்ற சங்கம் தன் உறுப்பினர் ஒருவரையே பாதுகாப்புப் பிரதிநிதியாக நியமிக்கலாம். அவர் 3 மாதத்துக்கு ஒருமுறை வேலையிடத்தைச் சுற்றிப் பார்த்து ஆய்வு செய்யலாம். சம்பவம் நடந்தால் தானே விசாரிக்கலாம். நிர்வாகத்திடம் ஆவணம் கேட்கலாம். அதற்கான நேரத்துக்குச் சம்பளமும் உண்டு.

இந்தப் பிரதிநிதி சிறைக்குள் நடந்தால் எதைப் பார்ப்பார்? எந்தக் கதவின் பூட்டு சிக்குகிறது, எந்த மூலையில் கேமரா எட்டாது, காலையில் அறைகளைத் திறந்துவிடும்போது அந்தத் தளத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள், வாக்கிடாக்கி பேட்டரி கடைசிவரை தாங்குகிறதா என்று பார்ப்பார். எல்லாம் சின்னச் சின்ன விஷயம். ஆனால் சிறை வேலையில் ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அறைத்தொகுதிக்குள் போகும் அதிகாரி இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொண்டு போவதில்லை, பறிபோனால் என்னாவது? அவருக்கு உண்மையான காவல், கூப்பிட்டால் ஓடிவரக் கூடிய இன்னொரு அதிகாரி. அந்த இன்னொருவர் டியூட்டிப் பட்டியலில் இருக்கிறாரா என்பதுதான் சங்கத்தின் நிரந்தரக் கேள்வி.

2010-க்குப் பிறகு இங்கிலாந்தில் செலவைக் குறைக்கிறோம் என்று முன்வரிசை அதிகாரிகளில் 4-இல் 1 பங்குக்கு மேல் குறைத்தார்கள். அனுபவசாலிகள் பலர் பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் ஊழியர்கள்மீது நடந்த தாக்குதல்கள் 2010-இல் ஏறத்தாழ 2,850. 2018-இல் 10,000-ஐத் தாண்டிவிட்டன. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டியதுதான் அந்தச் சங்கத்தின் மிகப் பெரிய வாதம். ஆள் குறைத்தது ஒன்று மட்டுமே காரணமா? இல்லை, செயற்கைப் போதைப்பொருளும் அதே காலத்தில் உள்ளே புகுந்தது. ஆனால் கணக்கு எழுதப்பட்டிருந்ததால்தான் அந்த வாக்குவாதத்தையாவது நடத்த முடிந்தது. கணக்கே இல்லாத இடத்தில் வாக்குவாதம் எங்கே?

அதன் பலனாகச் சில விஷயங்கள் நடந்தன. அவசரசேவைப் பணியாளர்களைத் தாக்கினால் கூடுதல் தண்டனை என்று 2018-இல் ஒரு சட்டம் வந்தது. சிறை அதிகாரிகளையும் அதில் சேர்த்தார்கள். அடுத்தவர் விடும் புகையை நாங்கள் ஏன் நாள் முழுக்கச் சுவாசிக்க வேண்டும் என்று சங்கம் பல வருஷம் கேட்டது. அந்த அழுத்தமும் சேர்ந்து, இங்கிலாந்தின் மூடிய சிறைகள் (திறந்தவெளிச் சிறை அல்லாதவை) 2018-க்குள் புகையில்லாச் சிறைகளாயின. ஓய்வு வயதைப் பற்றிய போராட்டம் இன்னும் முடியவில்லை. அங்கே போலீசும் தீயணைப்பு வீரரும் 60 வயதில் ஓய்வு பெறலாம். சிறை அதிகாரிக்கு அது 68 வரை போகிறது. 67 வயது ஆளை 25 வயது இளைஞனோடு மல்லுக்கட்ட அனுப்புவதா என்பது அவர்கள் கேள்வி. இதையும் வேலையிடப் பாதுகாப்புக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

இவ்வளவையும் அவர்கள் வேலைநிறுத்த உரிமை இல்லாமலே செய்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சிறை அதிகாரிகளை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டுவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுத்தது. நடுவில் சில வருஷம் அதைத் தளர்த்தி, 2008-இல் மறுபடி இறுக்கினார்கள். ஆகவே சங்கத்தைக் கண்டு அரசு பயப்படும் காரணமும், சங்கம் உண்மையில் செய்யும் வேலையும் ஒன்றல்ல.

இந்த பயத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்த நேரத்தில் பிரிட்டனில் போலீசும் சிறை அதிகாரிகளும் சேர்ந்த ஒரே சங்கம் இருந்தது. 1919-இல் அது வேலைநிறுத்தம் செய்தது. லண்டன் வார்ம்வுட் ஸ்கிரப்ஸ் சிறையின் வார்டர்கள் சிலரும் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களுக்கு வேலை போயிற்று. அதே வருஷம் வந்த போலீஸ் சட்டம் அந்தச் சங்கத்துக்கு முடிவு கட்டியது. சிறை அதிகாரிகள் மறுபடி தங்களுக்கென ஒரு சங்கம் காண 20 வருஷம் ஆனது. ஆக, நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் தன் ஊரில் கதவைச் சாத்தினான், பிறகு திறந்தும்விட்டான். இங்கே சாத்திய கதவு அப்படியே நிற்கிறது.

மலேசியாவின் 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், 27-ஆவது பிரிவு. அரச மலேசியப் போலீஸ், சிறைத் துறை, ஆயுதப்படை ஆகியவற்றில் உள்ளவர்கள் எந்தத் தொழிற்சங்கத்திலும் சேரக் கூடாது என்கிறது அது. ஆசிரியருக்குச் சங்கம் உண்டு, தாதிக்கு உண்டு, ஆபீஸ் குமாஸ்தாவுக்கு உண்டு. வார்டருக்கு இல்லை. 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஒரே தொழிலில் பல சங்கங்கள் அமைக்கலாம் என்று தொழிற்சங்க உலகத்தையே கொஞ்சம் குலுக்கிப் பார்த்தது. சிறைக் கதவை அது தொடவில்லை.

கோலாலம்பூரில் வாழும் தமிழனுக்கு இதில் ஒரு கசப்பான வேடிக்கை உண்டு. ஹங் துவா சாலையில் இன்று பேரங்காடி நிற்கும் இடத்தில்தான் 1895-இல் கட்டி முடித்த புடு சிறை இருந்தது. பழைய நுழைவாயில் மட்டும் மிச்சம். 1949 மே 4-ஆம் தேதி, அந்தச் சிறையில்தான் மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் கணபதியைத் தூக்கிலிட்டார்கள். இந்த நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் தமிழர் பெயர்களை எழுதினால் முதல் வரிசையில் வரும் பெயர் அது. அன்று அவருடைய கதவைப் பூட்டிய வார்டருக்கும் சங்கம் இல்லை. இன்று சுங்கை பூலோவிலோ காஜாங்கிலோ கதவைப் பூட்டும் வார்டருக்கும் இல்லை.

அதே புடு சிறையில் 1986 அக்டோபர் 17-ஆம் தேதி, கைதிகள் சிலர் சிறைக் கிளினிக்கில் ஒரு மருத்துவரையும் ஓர் ஆய்வகப் பணியாளரையும் பிணை பிடித்தார்கள். கையில் இருந்தவை உள்ளேயே செய்த கூர்மையான ஆயுதங்கள். 6 நாள் நாடே வானொலியோடு உட்கார்ந்திருந்தது. 22-ஆம் தேதி போலீஸ் உள்ளே புகுந்து இருவரையும் உயிரோடு மீட்டது. வயதானவர்கள் இன்றும் அந்த வாரத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான் அதில் கவனிப்பது வேறு. ஆய்வகத்தில் வேலை செய்பவரின் தொழிலுக்குச் சங்கத் தடை இல்லை. அவருக்குப் பக்கத்தில் சாவியோடு நிற்பவருக்கு உண்டு. ஆபத்து இருவருக்கும் ஒன்று, வாய் ஒருவருக்கு மட்டும்.

சரி, சங்கம் இல்லை. வேறு வழி ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது நம் மக்களுக்கு அதிகம் தெரியாத வழி.

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், நம்மவர்கள் சொல்லும் ஓஷா, தொடக்கத்திலிருந்தே அரசுச் சேவையையும் தன் பட்டியலில் வைத்திருந்தது. 2022-இல் திருத்தி 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, நாட்டின் எல்லா வேலையிடங்களுக்கும் என்று அதை விரித்தார்கள். விலக்கு வீட்டுப் பணியாளர், ஆயுதப்படை, கப்பல் வேலை ஆகியவற்றுக்குத்தான். கவனியுங்கள், தொழிற்சங்கச் சட்டம் சிறையையும் படையையும் ஒரே மூட்டையாகக் கட்டியது. ஓஷா படையை வெளியே விட்டது, சிறையை விடவில்லை. சிறை ஒரு வேலையிடம், வார்டர் ஒரு தொழிலாளி என்று ஒரு சட்டமாவது ஒப்புக்கொள்கிறது.

அந்தச் சட்டத்தில் மூன்று இடங்கள் வார்டருக்குப் பயன்படக் கூடியவை. பாதுகாப்பைப் பற்றிப் புகார் சொன்னதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது. உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், முதலாளி அதைச் சரி செய்யாத நிலையில் அந்த இடத்தைவிட்டு விலகலாம் (சிறையில் இது எப்படி நடைமுறையாகும் என்பது பெரிய கேள்விதான், கலவரம் நடக்கிற பிளாக்கை வார்டர் விட்டு நகர்ந்தால் யார் போவது?). மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு கட்டாயம். 100 பேருக்கு மேல் என்றால் ஊழியர் தரப்பில் குறைந்தது 4 பேர் அதில் உட்கார வேண்டும். 3 மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும்.

இதை இங்கிலாந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கேயும் 3 மாதம், இங்கேயும் 3 மாதம். அங்கே வேலையிடத்தைச் சுற்றிப் பார்ப்பவர் சங்கம் அனுப்பிய ஆள். நிர்வாகத்துக்குப் பிடிக்காததைச் சொன்னால் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சங்கம் நிற்கும். இங்கே குழுவில் உட்காரும் ஊழியர், கூட்டம் முடிந்து எழுந்ததும் அதே மேலதிகாரிக்கு சல்யூட் அடிக்க வேண்டியவர். சீருடைத் துறையில் ஒரு கோப்ரல், ‘துவான், நேற்று ராத்திரி சிப்டில் ஆள் பத்தவில்லை’ என்று எல்லோர் முன்னாலும் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசியுங்கள். சங்கம் என்பது அந்தத் துணிச்சலை ஒரு தனி ஆளிடமிருந்து எடுத்துப் பலர் தோளில் பங்குபோடும் ஏற்பாடு. குழு இருக்கிறது, பங்குபோடும் தோள்தான் இல்லை.

அப்புறம் எண்ணிக்கை விஷயம். 2004-இல் வந்த விபத்து அறிவிப்பு விதிமுறைப்படி, காயம் பட்டவர் 4 நாளுக்கு மேல் வழக்கமான வேலை செய்ய முடியாமல் போனால் வேலையிடப் பாதுகாப்பு இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும். செந்தூல் அண்ணனுக்குக் கிடைத்தது 2 நாள் எம்சி. ஆக, அந்த விதியின்படி பார்த்தாலும் அவருடைய தழும்பு உடனே அறிவிக்க வேண்டிய கணக்கில் வராது. முகத்தில் துப்புவது, கடிப்பது, சிறுநீரை வீசுவது, வெளியே உன் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரியும் என்று மிரட்டுவது, இவற்றுக்கு எம்சியே கிடையாது. சங்கம் உள்ள இடத்தில் இதற்கெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். நிர்வாகம் எழுதாவிட்டால் சங்கம் எழுதும்.

கத்தியும் கைகலப்பும் மட்டுமே சிறை அதிகாரியின் ஆபத்து என்று நினைத்தால் அதுவும் தப்பு. இந்த நாட்டில் நடந்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. உயர்பாதுகாப்புச் சிறை ஒன்றின் ஊழியர்கள் 400-க்கு மேற்பட்டோருக்குத் தோல் பரிசோதனை செய்து பார்த்ததில், 5-இல் 4 பேருக்கு மறைநிலைக் காசநோய்த் தொற்று இருந்தது. மறைநிலை என்றால் நோய் வரவில்லை, கிருமி உடம்பில் தூங்குகிறது என்று அர்த்தம். அவர்கள் மற்றவருக்குப் பரப்புவதில்லை. வெளியேயும் பலருக்கு இது உண்டு. ஆனாலும் ஓராண்டுக்கு மேல் சிறையில் வேலை செய்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்று அந்த ஆய்வே காட்டியது. நெரிசலான அறை, குறைந்த காற்றோட்டம், தினமும் 8 மணி நேரமோ அதற்கு மேலோ அந்தக் காற்று. கத்தியைத் தேடிப் பிடிக்கச் சோதனை உண்டு. காற்றைச் சோதிக்க யார் கேட்பது?

பினாங்கில் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 2020 அக்டோபரில் கோவிட் பினாங்கு ரிமாண்ட் சிறைக்குள் புகுந்தபோது, சிறையோடு ஊழியர் குவார்ட்டர்ஸையும் சேர்த்து முள்கம்பி போட்டு அடைத்தார்கள். அதே காலத்தில் அலோர்ஸ்டாரிலும், அடுத்து ஜாவியில் உள்ள செபராங் பிறைச் சிறையிலும் தொற்று பரவியது. கைதிகளைப் பற்றிய செய்தி வந்தது, எண்ணிக்கை வந்தது. குவார்ட்டர்ஸில் அடைபட்ட குடும்பங்களைப் பற்றி எவ்வளவு படித்தோம்? சிறை ஊழியரின் வேலையிட ஆபத்து மாலையில் அவரோடு வீட்டுக்கு வருகிறது. அவர் மனைவிக்கும் பிள்ளைக்கும் ஓஷா குழுவில் நாற்காலி இல்லை.

அரசு ஊழியர்களுக்காகப் பேச, அவர்களின் சங்கங்களுடைய கூட்டமைப்பான கியூபெக்ஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. சம்பளம், போனஸ், ஓய்வூதியம் என்று ஒட்டுமொத்த அரசுச் சேவைக்காக அது பேசும்போது வார்டருக்கும் பங்கு கிடைக்கும். ஆனால் அது சங்கங்களின் காங்கிரஸ். சங்கமே இல்லாத துறையிலிருந்து அங்கே போய் உட்கார ஆள் ஏது? அப்படியே போனாலும், ஏ பிளாக்கின் மூன்றாவது மாடியில் ராத்திரி ஒரே ஆள்தான் என்ற விஷயம் அந்த மேஜை வரை ஏறாது. அரசு இலாகாக்களில் நிர்வாகமும் ஊழியரும் சேர்ந்து உட்காரும் மஜ்லிஸ் பெர்சாமா என்ற ஏற்பாடும் உண்டு. பேசலாம், மினிட்ஸ் எழுதலாம். தனியார் துறையில் உள்ளதுபோல் கூட்டு ஒப்பந்தம் போட முடியாது. 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் அந்தப் பகுதிகள் அரசுச் சேவைக்குப் பொருந்தாது. ஆக, அரசுத் துறையில் சங்கம் வைத்திருப்பவர்களின் கையும் பாதி கட்டித்தான் இருக்கிறது.

இதைப் படிக்கும் சிலருக்கு எரிச்சல் வரும் என்று தெரியும். நம் சமூகத்தில் சிறை என்றால் உள்ளே இருக்கும் பையனின் நினைவுதான் முதலில் வரும். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பார்க்கப் போகும் அம்மாக்களை நமக்குத் தெரியும். அடிப்பவர்கள் அவர்கள்தானே, அவர்களுக்கு என்ன பாதுகாப்பு என்று நேரிலேயே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 2025 ஜனவரியில் தைப்பிங் சிறையில் கைதிகளை இடம் மாற்றும்போது நடந்த சம்பவத்தில் ஒரு கைதி இறந்தார். வார்டர்கள் அடித்தார்கள் என்ற குற்றச்சாட்டின்மேல் மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பொது விசாரணை நடத்தியது.

சங்கம் இருந்தால் இது நடக்காது என்று சொல்ல மாட்டேன். சங்கம் தப்பு செய்தவனைக் காப்பாற்றவும் கூடும். நியூயார்க் மாநிலத்தில் 2025 பிப்ரவரியில் சிறை அதிகாரிகள், தங்கள் சங்கத்தின் ஒப்புதல் இல்லாமலே வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, தனிமைச் சிறையைத் தொடர்ந்து 15 நாளுக்கு மேல் நீட்டக் கூடாது என்ற சட்டத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது. ராணுவ ரிசர்வ் படையைக் கொண்டுவந்து சிறைகளை நடத்தினார்கள். 3 வாரம் கழித்து முடிந்தபோது, திரும்பி வராத 2,000-க்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். பாதுகாப்பு என்ற ஒரே சொல்லுக்குள் ஆள் பற்றாக்குறை என்ற நியாயமான புகாரும் இருக்கலாம், கைதியை இன்னும் இறுக்கு என்ற ஆசையும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியது நம் வேலை.

என் கணிப்பு இது. நெரிசல் கூடினால் அடி வாங்கும் வார்டரும் கூடுவார், அடி வாங்கும் கைதியும் கூடுவார். 50 பேரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் இடத்தில் பயந்தவர் கைதான் முதலில் ஓங்கும். ஆகவே டியூட்டிப் பட்டியலில் இரண்டாவது ஆள் வேண்டும் என்று வார்டர் கேட்பதும், உள்ளே இருக்கும் பையனின் அம்மா கேட்பதும் அடிப்படையில் ஒரே கோரிக்கை. அதைக் கேட்க வார்டருக்குச் சட்டப்படி ஒரு வாய் வேண்டும்.

உலகத் தொழிலாளர் அமைப்பின் 87-ஆவது ஒப்பந்தம், சங்கம் சேரும் உரிமையிலிருந்து படையையும் போலீசையும் மட்டும் விலக்கி வைக்க நாடுகளுக்கு இடம் தருகிறது. சிறை ஊழியரை அந்த விலக்கில் சேர்க்கக் கூடாது என்று அந்த அமைப்பின் குழு பலமுறை சொல்லியிருக்கிறது. வேலைநிறுத்தத்தைத் தடுத்துக்கொள், சங்கத்தைத் தடுக்காதே என்பதுதான் சாரம். கூட்டாகப் பேரம் பேசும் உரிமை பற்றிய 98-ஆவது ஒப்பந்தத்தை மலேசியா 1961-இலேயே ஏற்றது. 87-ஐ இன்னும் ஏற்கவில்லை.

அதுவரை கையில் இருப்பது ஓஷா குழுதான். போன வாரம் அண்ணனிடம் அதைப் பற்றிக் கேட்டேன். உங்க காலத்துல அப்படி ஒரு கமிட்டி இருந்துச்சா?

கொஞ்ச நேரம் யோசித்தார். “நோட்டீஸ் போர்டுல போட்டோவோட ஒரு சார்ட் இருந்துச்சு.”

“யார் யார் இருந்தாங்க அதுல?”

“பெரியவங்கதான்” என்று சொல்லிவிட்டு, இன்னொரு தேத்தண்ணிக்குக் கை காட்டினார்.